வயிற்றுக்குள் ஓர் அத்தான்

ஜூன் 3, செவ்வாய்

டாக்டரம்மா நிலோபர் ஒரு நோட்டைக் கையில் கொடுத்து, "தினமும் எழுதுங்க சார். என்ன சாப்பிட்டீங்க, எப்படித் தூங்குனீங்க, குடிக்கணும்ங்கிற ஆசை பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள எவ்வளவு. அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதானாம். தாமிரபரணியின் இரு கரையிலும் முப்பது ஆண்டுகளாக என் குரல் ஒலிக்காத கம்பம் கிடையாது. கோயில் கொடை, கல்யாணம், சடங்கு, தேர்தல் எதுவானாலும் ஆவுடையப்பன் ஒலி ஒளி அமைப்புதான். பாளையங்கோட்டையில் நான் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்றால் சேரன்மகாதேவியில் தொட்டில் பிள்ளை விழித்துக்கொள்ளும். அப்பேர்ப்பட்டவனை நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டுக்குள் அடக்கப் பார்க்கிறார்.

போகட்டும், எழுதுகிறேன். என் கல்லீரல் சுருங்கிவிட்டதாம். எனக்கு ஆச்சரியமில்லை. என்னோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய எதுவும் சுருங்காமல் இருந்ததில்லை, என் மனைவி பிரமு உட்பட. வயிற்றில் தேங்கியிருந்த நீரை ஊசி போட்டு இறக்கினார்கள். மணிமுத்தாறு அணையைத் திறந்ததுபோல் வந்தது. விவசாயிகள் யாராவது பார்த்திருந்தால் கார் சாகுபடிக்குத் தண்ணீர் கேட்டு மனு கொடுத்திருப்பார்கள்.

உப்பு கிடையாது. ஊறுகாய் கிடையாது. அந்த மூன்றாவது சமாச்சாரம் அறவே கிடையாது. "இனி ஒரு சொட்டுன்னாலும் உயிருக்கு நான் பொறுப்பில்ல" என்றார். நானும் பொறுப்பில்லை என்று சொல்லியிருந்தால் சபை களைகட்டியிருக்கும். பிரமு பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

ஆசை: 0.

ஜூன் 5, வியாழன்

என் கூட்டாளி செல்வின் வீட்டில் ஆம்ப்ளிஃபயர் பழுது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஆசை: 0.

ஜூன் 6, வெள்ளி

ஆம்ப்ளிஃபயர் பழுது இன்னும் தீரவில்லை. வரும் வழியில் கிராம்பு வாங்கி மென்றேன். கிராம்பு ஈரலுக்கு நல்லது என்று பிரமுவிடம் சொன்னேன். அவள் என் சட்டையை மட்டும் தனி வாளியில் ஊறவைத்தாள். ஆசை: 0.

ஜூன் 11, புதன்

அக்கா வடிவு வந்தாள். அவள் மகள் ஆதிரைக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தாயிற்று, எனக்கு மட்டும் வெறுங்கையோடு வந்திருக்கிறாள். இத்தனைக்கும் பெண்ணுக்குத் தாய்மாமன் நான்.

"ஏல ஆவுடை, ஒண்ணு சொல்லுதேன் கேளு. பத்திரிகையில ஒன் பேரத்தான் போட்டுருக்கேன். ஆனா பிள்ளை கையப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வாரது நீயா குத்தாலநாதனான்னு அன்னைக்குக் காலையிலதான் சொல்லுவேன். கிட்ட வந்து மோந்து பாப்பேன். வாடை அடிச்சா குத்தாலநாதன்."

குற்றாலநாதன் எங்கள் சித்தப்பா மகன். வங்கி மேலாளர். குடிக்க மாட்டான், சிரிக்கவும் மாட்டான். தாய்மாமன் இடத்தில் அவனை நிறுத்துவதும், கம்பத்தில் ஒலிபெருக்கிக்குப் பதிலாகப் பூசணிக்காயைக் கட்டுவதும் ஒன்று.

"தாய்மாமன நீ மாத்த முடியாதுக்கா. அது ஆண்டவன் கொடுத்த பதவி."

"காதுகுத்துல மடியில வச்ச பிள்ளைய நழுவ விட்டியே, அன்னைக்கி ஆண்டவன் எங்க போயிருந்தாரு?"

பிள்ளைக்கு எண்ணெய் அதிகமாகத் தேய்த்திருந்தார்கள். இருபத்தைந்து வருடமாக இதைச் சொல்லிவருகிறேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்: எண்ணெய்.

ஆசை: 0.

ஜூன் 16, திங்கள்

நேற்று மாலை நான் தெருமுனையில் நின்று, மைக் இல்லாமலேயே அறிவிப்புச் செய்தேனாம். பிரமு சொல்கிறாள். "பொதுமக்கள் கவனத்திற்கு. நீலச் சட்டை போட்ட சிறுவன் ஒருவன் மேடைக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நிற்கிறான். அவனுடைய வீட்டார் எங்கிருந்தாலும் வந்து கூட்டிப் போகவும்." திரும்பத் திரும்ப இதையே. பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிறுவனைத் தேடியிருக்கிறார். கடைசியில் பிரமு வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாளாம்.

ஈரல் வடிகட்டாத நஞ்சு தலைக்கு ஏறினால் இப்படி ஆகும் என்று டாக்டரம்மா மருந்தைக் கூட்டினார். அது ஒத்திகை என்று நான் விளக்கினேன். கலைஞர்களுக்கு ஒத்திகை உண்டு.

நீலச் சட்டை போட்டிருந்தது நான்தான் என்றும் பிரமு சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இன்றைய நாள் மருத்துவ வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட வேண்டும். பொன் கிடைக்காததால் பால்பாயிண்ட்டில் எழுதுகிறேன்.

டாக்டரம்மா என் ரத்த அறிக்கையைப் பார்த்தார். "குடிச்சிருக்கீங்க."

"ஆம்ப்ளிஃபயர்ல ஸ்பிரிட் போட்டுத் துடைச்சோம் டாக்டரம்மா. ஆவி மூக்கு வழியா..."

"சார்."

நான் நிறுத்திக்கொண்டேன். அவர் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன், களைத்துப்போய்ப் பார்த்தார். பிறகு சொன்னார்: "உங்க குடல்ல கோடி கோடியா நுண்ணுயிரிகள் இருக்கு. குடிச்சுக் குடிச்சு நல்லது குறைஞ்சு கெட்டது பெருகிடுச்சு. அது ஈரலைக் கெடுக்குது, மூளைக்கும் சேதி அனுப்புது. குடிக்கச் சொல்லித் தூண்டுறதுல அதுக்கும் பங்கு இருக்கலாம்னு நினைக்கிறாங்க. ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்துல இருந்து நல்ல கிருமிகளை எடுத்து உங்களுக்குள்ள குடிவைக்கிற ஒரு ஆய்வு இங்க நடக்குது. சேருறீங்களா?"

என் காதில் விழுந்ததை நான் நம்பவில்லை. "எந்த வழியா உள்ள வரும்?"

"மூக்கு வழியா சின்னக் குழாய். இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போயிரும். நல்லா அரைச்சு, வடிகட்டித்தான் விடுவோம். ருசி தெரியாது."

ருசி தெரியாது என்பதை அவர் எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்று கேட்க நினைத்து, மரியாதை கருதி விட்டுவிட்டேன்.

"இது நிச்சயமான வைத்தியம்னு நினைக்காதீங்க. சிலருக்கு ஆசை குறையுது, சிலருக்கு ஒண்ணும் ஆகுறதில்ல. கிளாஸைக் கீழ வைக்கிறது உங்க கைதான், எந்தக் கிருமியும் வந்து வைக்காது."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வாயைத் திறப்பதற்குள் பிரமு பேனாவை வாங்கி, சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மூக்கு என்னுடையது.

ஜூன் 22, ஞாயிறு

யாருடைய நல்ல கிருமி? பிரமுவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவள் ஆகாது. சேதி கேட்டு அக்காவும் அத்தானும் வந்து, "எங்களச் சோதிச்சுப் பாருங்க" என்றார்கள்.

அத்தானைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தெய்வநாயகம் பிள்ளை, எடையளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜங்ஷனில் அவர் நடந்துபோனால் காய்கறிக் கடைத் தராசுகள் தாமாகவே நேராகும். காலையில் அவர் கழிப்பறைக் கதவைச் சாத்தும் சத்தத்தை வைத்துத் தெருவே கடிகாரம் திருத்தும். அவர் குடலில் கெட்ட கிருமி நுழைந்தால் அதற்கு முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

அத்தான் முன்னால் நான் ஒரு நாளும் குடித்ததில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அது. ஊரே என்னைக் குடித்துப் பார்த்திருக்கிறது, பெருமாள் தேரிலிருந்தபடி பார்த்திருக்கிறார், அத்தான் பார்த்ததில்லை. அவர் தலை தெரிந்தால் பாட்டில் கிணற்றுக்குள் போகும். ஒரு முறை பற்றவைத்த சிகரெட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவரோடு அரை மணி நேரம் பருத்தி விலை பேசினேன். மார்பில் தழும்பு இன்னும் இருக்கிறது. வீரத் தழும்பு.

நான் குடிப்பவன் என்று அவருக்குத் தெரியாதா என்றால், தெரியும். தெரிந்ததாக அவர் காட்டிக்கொண்டதில்லை. மரியாதை இரு தரப்பு ஒப்பந்தம்.

ஜூன் 27, வெள்ளி

இருவருக்கும் எல்லாச் சோதனையும் முடிந்தது. இருவரும் தேறிவிட்டார்கள். "யாரோடதுன்னு வாங்குறவங்ககிட்ட நாங்க சொல்றதில்ல, அது இங்க முறை" என்றார் டாக்டரம்மா.

சொல்லவும் வேண்டுமா? தராசும் படிக்கல்லும் வீட்டில் இருக்கும்போது கைப்பிடி அளவில் யார் அளப்பார்கள்? அத்தானேதான்.

நான் செல்வின் வீட்டுக்குப் போகவில்லை. ஆம்ப்ளிஃபயர் தானாகச் சரியாகிவிட்டது. ராத்திரி முழுக்க வியர்வை, கை நடுக்கம். கொசு.

ஆசை: 0.

ஜூலை 1, செவ்வாய்

இன்று தொடங்க வேண்டியது. தொடங்கவில்லை.

அத்தான் நேற்று இரவு ஒரு கரண்டி விளக்கெண்ணெய் குடித்திருக்கிறார். சாதாரணக் கரண்டி அல்ல, சாம்பார் கரண்டி. பேதிக்குக் குடித்து, விடிய விடியப் போய், வயிற்றைத் தேய்த்துக் கழுவிய வெண்கலப் பானையாக்கிக்கொண்டு, நெற்றியில் திருநீறோடு காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்கிறார்.

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "எதுக்கு சார் இப்படிச் செஞ்சீங்க?"

"மாப்ளைக்குக் குடுக்கப் போறோம். சுத்தமா இருக்கணும்லா?"

"எங்களுக்கு வேண்டியதே அந்த அசுத்தம்தான் சார்."

அத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பரீட்சையில் தோற்று நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அவர் கண் உள்ளே போயிருந்ததைப் பார்த்தேன், சிரிக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதர் எனக்காகச் சாம்பார் கரண்டியில் விளக்கெண்ணெய் குடித்திருக்கிறார்.

ஜூலை 3, வியாழன்

அக்கா போனில் பிரமுவிடம்: "அவாளுக்கு இப்ப ஒண்ணுமே வரல பிரமு. கதவு சாத்துத சத்தமே இல்ல. தெருவுல எல்லாரும் லேட்டா எந்திரிக்காவ."

வரும். அத்தான் வாக்குத் தவறியதில்லை.

ஜூலை 5, சனி

தொடங்கியாயிற்று. மூக்கில் குழாய். யானைக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் குட்டை. ஒரு வாரம் தினமும் காலையில். ருசி தெரியவில்லை என்பதைப் பொதுமக்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அத்தான் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். என் கண்ணைப் பார்த்ததும் தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். பெரிய கொடையாளிகளுக்கு இந்தக் கூச்சம் உண்டு. அக்காதான் உள்ளேயும் வெளியேயும் போய்வந்துகொண்டிருந்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

டப்பாவின் மூடியில் கொஞ்சம் மஞ்சள் குங்குமம் வைக்கலாமா என்று அக்கா நர்ஸிடம் கேட்டாளாம். நர்ஸ் கூடாது என்று சொல்லிவிட்டார். "தம்பிக்குக் குடுக்கத மொட்டையா எப்படிம்மா குடுக்கது?" என்று அக்கா சடைத்துக்கொண்டாளாம். பிரமு சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிரமு சிரித்து ரொம்ப நாளாகிறது, பல் வரிசை அப்படியேதான் இருக்கிறது.

அக்கா குறைப்பட்டுக்கொண்டாளாம், "பப்பாளியும் கீரையுமாத் தின்னு வாய் செத்துப்போச்சு" என்று. புருஷனுக்குப் பத்தியம் என்றால் கூடச் சேர்ந்து பத்தியம் இருக்கிறாள். பதிவிரதை.

ஜூலை 11, வெள்ளி

குழாய் எடுத்தாயிற்று. இன்று முதல் என் வயிற்றுக்குள் அரசு முத்திரை பெற்ற கிருமிகள் வாசம் செய்கின்றன. வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தைச் சரிபார்த்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

கத்தரிக்காய் வேண்டும் போல் இருக்கிறது. எண்ணெயில் வதக்கி, உப்பில்லாமல்கூடப் பரவாயில்லை. விசித்திரம் என்னவென்றால் அத்தானுக்குக் கத்தரிக்காய் ஆகாது, தொட்டாலே அரிக்கும். அவருடைய கிருமிகளுக்கு ஆகும் போலும். இவ்வளவு காலம் அவை எத்தனை ஏங்கியிருக்கும்.

சாயங்காலம் பிரமுவோடு உட்கார்ந்து டிவி தொடர் பார்த்தேன். ஒரு மாமியார் மருமகளின் வளையலை ஒளித்துவைத்துவிட்டாள். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அத்தான் உள்ளுக்குள் இப்படி இளகிய மனசுக்காரர் என்று யாருக்குத் தெரியும்?

ஜூலை 19, சனி

மறைக்காமல் எழுதுகிறேன். செல்வின் வீட்டுக்குப் போனேன். ஆம்ப்ளிஃபயர் நன்றாகத்தான் இருந்தது.

"அண்ணாச்சி, மெலிஞ்சு போனிய. ஒரே ஒரு கட்டிங், ஒடம்புக்குத்தான்" என்று ஊற்றிக் கையில் கொடுத்தான். கிளாஸ் உதட்டுக்கு வந்துவிட்டது. வாசம் ஏறிவிட்டது. அப்போது சட்டென்று ஒரு எண்ணம்: அத்தான் இருக்கிறாரே.

பழக்கதோஷம், கிளாஸை வேட்டியில் மறைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன். கிணற்றுக்குப் பின்னால் குந்தினேன். முப்பது வருடம் அத்தானிடமிருந்து என்னைக் காப்பாற்றிய கிணற்றடி. கிளாஸைத் தூக்கினேன். அத்தான் அங்கேயும் இருந்தார். எழுந்து மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் போனேன், கூடவே வந்தார். வைக்கோல் படப்புக்கு மறுபுறம் போனேன். எனக்கு முன்னால் என் வயிறு போய் நின்றது, அதற்குள் அவர் நின்றார், கோடு போட்ட சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா.

உலகத்தில் எந்த மச்சினனுக்கும் இந்தக் கதி வந்ததில்லை. ஒளிய இடமில்லை.

"அண்ணாச்சி, யாருகிட்ட பேசுதிய?" என்றான் செல்வின்.

"எங்க அத்தான்கிட்ட."

"எங்க இருக்காவ?"

தொப்புளைக் காட்டினேன். கிளாஸைப் பப்பாளி மரத்தின் தூரில் கவிழ்த்தேன். நான் கிளம்பும்போது அந்த மரம் இடது பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

ஆசை: 0, என்று அத்தான் சார்பில் பதிவு செய்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டாக்டரம்மா அறிக்கையை இரண்டு முறை பார்த்தார். கால் வீக்கம் வடிந்திருக்கிறது. ரத்தம் தேறியிருக்கிறது. "நோட்டுல எல்லா நாளும் பூஜ்யமா இருக்கே சார்" என்றார்.

"உள்ளே இருப்பவர் அப்படி."

அவர் சிரிக்கவில்லை. "கிருமி கொஞ்சம் உதவியிருக்கலாம். மீதி நீங்க. ஆசை வந்தா வந்ததுன்னு எழுதுங்க. வர்றதுல தப்பில்ல" என்றார். நிலோபர் அம்மாவுக்குக் கைராசி உண்டு, கற்பனை குறைவு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பிரமு இப்போது என் சட்டையை எல்லாத் துணியோடும் சேர்த்தே ஊறவைக்கிறாள். காரணம் தெரியவில்லை. சோப்பு விலை ஏறியிருக்கலாம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நாளை கல்யாணம். மாலையிலேயே மாப்பிள்ளை வீட்டார் கோவில்பட்டியிலிருந்து வந்து மண்டபத்துக்கு எதிரே லாட்ஜில் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா பொன்னம்பலம், கம்பீரமான மீசை, என்னை அறைக்குள் அழைத்தார். மேஜையில் பாட்டில், சோடா, முந்திரி. ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"பொண்ணுக்குத் தாய்மாமன், நீங்க இல்லாமலா? சம்பந்தக்காரன் கை நீட்டுனா மறுக்கப்படாது" என்று கிளாஸை நீட்டினார்.

மறுத்தால் அவமதிப்பு. வாங்கினால் காலையில் அக்காவின் மூக்கு. நான் எழுந்து நின்று, குரலைச் சரிசெய்துகொண்டேன்.

"சம்பந்தக்காரரே, மன்னிக்கணும். நான் தனியா வரல. பொண்ணோட அப்பா தெய்வநாயகம் பிள்ளை இப்ப எனக்குள்ள இருக்காவ. அவாளுக்கு முன்னால நான் ஒரு நாளும் தொட்டதில்ல. அவாள வெளிய நிக்கச் சொல்லவும் முடியாது. நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

விளக்கிச் சொன்னேன், மூக்கு, குழாய், விளக்கெண்ணெய் உட்பட. ஒருவர் முந்திரித் தட்டைத் தள்ளி வைத்தார். பொன்னம்பலம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் வயிற்றைப் பார்த்து, "வணக்கம் சம்பந்தி" என்றார்.

சபை அதிர்ந்தது. கைதட்டல். அப்படி ஒரு கைதட்டலை நான் மைக் வைத்துக்கூட வாங்கியதில்லை. வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. மண்டபத்துச் சமையல் கட்டுக்குப் போய், தவசிப்பிள்ளைகளோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தேன். ஒரு மூட்டை. சும்மா சொல்லவில்லை, மூட்டைதான். கண்ணில் நீர் வந்தது வெங்காயத்தால்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலையில் மணமகள் அறை வாசலில் அக்கா வழிமறித்தாள். குற்றாலநாதன் பட்டு வேட்டியில் தயாராக நின்றான். அக்கா என் சட்டைக்கருகில் மூக்கைக் கொண்டுவந்தாள். கையை மோந்தாள். வாயை ஊதச் சொன்னாள்.

"என்னல இது, சாம்பார்க் கடை மாதிரி வெங்காய வாடை."

"வேற ஏதாவது?"

"இல்ல" என்றாள். அவள் குரல் ஒரு மாதிரி ஆனது. ஆதிரையின் கையை எடுத்து என் கையில் வைத்தாள். குற்றாலநாதனைப் பார்த்து நான் கண்ணடிக்கவில்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

மணவறைக்கு நடந்தோம். ஆதிரை தலை குனிந்தபடியே, "மாமா, நழுவ விட்டுராதிய" என்றாள்.

"எண்ணெய் தேச்சிருக்கியா?"

"இல்ல."

"அப்ப நழுவாது."

நழுவவில்லை. இதை யாரும் மறுக்க முடியாது, வீடியோ இருக்கிறது.

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் அத்தான் என்னை ஓரமாக இழுத்தார். முகம் வாடியிருந்தது. "மாப்ள, நேத்து லாட்ஜ்ல நீரு பேசுனதச் சொல்லி எல்லாரும் என்னையப் பாத்துக் கும்பிடுதாவ. மனசு கேக்கல. படிக்கல்லுல எடை கொறஞ்சிருந்தா ஒத்துக்கிடணும். அது நான் இல்ல."

"எது அத்தான்?"

"விளக்கெண்ணெய்க்கு அப்புறம் எனக்கு ஒரு வாரமா ஒண்ணுமே வரல. ஒங்க அக்காளோடதுதான் அம்புட்டும். நான் சும்மா பஸ்ல தொணைக்கு வந்தேன்."

சொல்லிவிட்டு, கனம் இறங்கியவராகப் பாயசம் குடிக்கப் போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். கத்தரிக்காய் அக்காவுக்குப் பிடிக்கும். டிவி தொடருக்கு அழுவதும் அக்காதான். அப்படியென்றால் கிணற்றடியில் யாரிடமிருந்து ஒளிந்தேன்? அத்தானை நினைத்துத்தானே கிளாஸைக் கவிழ்த்தேன். அக்கா முன்னால் நான் குடிக்காத இடம் எது? அவள் வாசலில் விழுந்திருக்கிறேன். அவள் சேலையில் வாந்தி எடுத்திருக்கிறேன். அவளிடம் எனக்கு மறைப்பே கிடையாது. காவல்காரர் ஒருவர் உள்ளே நிற்கிறார் என்று நம்பி இரண்டு மாதம் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கியிருக்கிறேன்.

எதிரே லாட்ஜ். பொன்னம்பலம் மாடியிலிருந்து கையசைத்தார். பிரமு வந்து வண்டியில் ஏறச் சொல்லும்வரை நான் அந்த மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசை: 9.

ஆகஸ்ட் 30, சனி

கல்யாணத்துக்கு மறுநாள் எங்கள் பக்கத்து வழக்கமான தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு, அக்கா வீட்டில். கூட்டம் கலைந்த பிறகு சமையலறைக்குப் போனேன். அவள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து கால் விரலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா சொல்லல?"

"அத்தான் ஒளறிட்டாவளா? நீ கேக்கல, நான் சொல்லல. ஒனக்கு அவாகிட்டதான் பயம். நான்தான்னு தெரிஞ்சா மூக்குல குழாயோட செல்வின் வீட்டுக்கு ஓடியிருப்ப."

"இப்பத் தெரிஞ்சுபோச்சே. இனி யாருக்குப் பயப்படுவேன்?"

அக்கா எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். "பயந்து கிழிச்சது போதும்ல. நீ ஒளிஞ்சு குடிச்சதுலதான் ஈரல் போச்சு. என் முன்னால என்னத்த ஒளிக்கப் போற? நான் பாக்காதது ஒண்ணும் பாக்கி இல்ல. குடிக்கணும் போல இருந்தா இங்கன வந்து உக்காந்து, 'அக்கா, குடிக்கணும் போல இருக்கு'ன்னு சொல்லு. நான் கத்தரிக்கா வதக்கித் தாரேன்."

"வதக்கித் தந்தா போயிருமா?"

"போவலன்னா இன்னொரு தட்டு தாரேன். நீயும் திங்கணும், உள்ள இருக்க நானும் திங்கணும்லா."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள், எண்ணெய்க் கையால் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

செப்டம்பர் 1, திங்கள்

டாக்டரம்மா கவனத்திற்கு ஒரு முக்கிய அறிவிப்பு.

இந்த நோட்டின் ஜூன், ஜூலை மாதப் பக்கங்களில், ஆசை என்ற இடத்தில் உள்ள பூஜ்யங்களுக்கு முன்னால் ஒன்று என்ற எண் விட்டுப்போயிருக்கிறது. அன்புகூர்ந்து சேர்த்து வாசித்துக்கொள்ளவும். எழுதியவர் அப்போது அத்தான் முதலில் வெளியிலிருந்தும் பிறகு உள்ளேயிருந்தும் எட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்று ஆசை: 6. பிரமுவிடம் சொன்னேன். அவள் பையை எடுத்துக் கொடுத்தாள். சந்தையில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறேன்.